ஒரு துண்டு, பல வேலைகள்: ஹெட்லைட் கட்டையும் லெகோ ரசிகர்களின் கட்டுமானக் கலையும்

லெகோ கட்டைகளால் ஆன சிற்பங்களைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் எண்ணிக்கையையே பேசுகின்றன. இத்தனை லட்சம் துண்டுகள், இத்தனை அடி உயரம், இத்தனை மாத உழைப்பு. அந்த உழைப்பு மதிக்கத்தக்கதுதான். ஆனால் இந்தக் கலையில் தேர்ந்தவர்கள் ஒருவரையொருவர் எடைபோடும் அளவுகோல் வேறு. ஒருவர் செய்த மாதிரியின் முன் நின்று அவர்கள் முதலில் தேடுவது, எந்தத் துண்டு எதிர்பாராத இடத்தில் அமர்ந்திருக்கிறது என்பதைத்தான். காருக்கு முகப்பு விளக்காகப் பிறந்த துண்டு ஒரு கட்டடத்தின் ஜன்னலாக நிற்கும். பொம்மை மனிதன் கையில் பிடிக்க வேண்டிய ஒலிபெருக்கி விண்கலத்தின் பீரங்கியாகும். தவளை பூவாகும். நூறு சாதாரணத் துண்டுகளை நேர்த்தியாக அடுக்கியவரை விட, ஒரே துண்டுக்குப் புதிய வேலை கண்டுபிடித்தவருக்கே அங்கே மதிப்பு அதிகம்.

இந்தத் திறமையைக் கற்பனை வளம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். அப்படிக் கடந்தால் முக்கியமான ஒன்றைத் தவறவிடுவோம். ஒரு துண்டின் பெயர் அதற்கு முதலில் தரப்பட்ட வேலையை மட்டுமே சொல்கிறது. அது செய்யக்கூடிய மற்ற வேலைகள் எல்லாம் அதன் அளவுகளுக்குள் அடங்கியிருக்கின்றன. ரசிகர்கள் செய்வது அந்த அளவுகளைப் படிப்பது. உற்று நோக்கி, அளந்து, பொருத்திப் பார்த்து, பலித்ததைப் பிறருக்குச் சொல்லும் அந்த வேலை முறையான ஆய்வுக்கு மிக நெருக்கமானது. ஒரே ஒரு துண்டை எடுத்துக்கொண்டு இதைக் காட்ட முயல்கிறேன். அகலம் 8 மில்லிமீட்டர், உயரம் 9.6 மில்லிமீட்டர்; ரசிகர்கள் அதை ஹெட்லைட் கட்டை என்று அழைக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் அளவு

டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் 1932இல் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கியவர் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர். பிளாஸ்டிக் கட்டைகள் அவரது நிறுவனத்தில் 1949இல் வந்தன. பிரிட்டனில் ஹிலரி ஃபிஷர் பேஜ் வடிவமைத்த கிட்டிகிராஃப்ட் கட்டைகளே அவற்றுக்கு முன்மாதிரி. தொடக்க காலக் கட்டைகள் அடியில் வெறும் கூடாக இருந்தன. ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தனவே தவிர இறுகப் பிடிக்கவில்லை. ஓலேயின் மகன் கோட்ஃபிரட் 1958 ஜனவரி 28 அன்று விண்ணப்பித்த காப்புரிமைதான் இன்றைய கட்டையைத் தந்தது. மேலே குமிழ்கள், அடியில் குழாய்கள். கீழ்க் கட்டையின் குமிழ், மேல் கட்டையின் சுவருக்கும் குழாய்க்கும் நடுவே சிக்கி நிற்கிறது. 1963இல் பொருளும் மாறியது. காலப்போக்கில் வளைந்துவிடும் செல்லுலோஸ் அசிடேட்டுக்குப் பதிலாக, உறுதியும் அளவு மாறாத தன்மையும் உடைய ஏபிஎஸ் பிளாஸ்டிக் வந்தது. அன்று தொடங்கிய பொருத்த முறை இன்றுவரை மாறவில்லை. 1958ஆம் ஆண்டுக் கட்டை இன்று வாங்கிய கட்டையோடு பொருந்தும்.

அந்த முறையின் அளவுகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மி.மீ. கட்டையின் உயரம் 9.6. கட்டையில் மூன்றில் ஒரு பங்கு உயரமுள்ள பிளேட் 3.2. குமிழின் விட்டம் 4.8. இரண்டு குமிழ்களுக்கு இடையிலுள்ள வெற்றிடம் 8இல் 4.8 போக மீதி 3.2. பொம்மை மனிதனின் கை பிடிக்கும் கம்பியின் தடிமனும் 3.2. இந்த எண்கள் அனைத்தும் 1.6இன் மடங்குகள். பிளேட்டும் கம்பியும் இரண்டு மடங்கு, குமிழ் மூன்று மடங்கு, கட்டையின் அகலம் ஐந்து மடங்கு, உயரம் ஆறு மடங்கு.

இந்த ஒழுங்கிலிருந்து நடைமுறையில் பல விளைவுகள் பிறக்கின்றன. ஐந்து பிளேட்டுகளை அடுக்கினால் 16 மி.மீ. வரும். அது இரண்டு குமிழ் அகலத்துக்குச் சமம். ஆகவே ஐந்து பிளேட் அடுக்கைப் பக்கவாட்டில் படுக்க வைத்தால், நிமிர்ந்து நிற்கும் இரண்டு குமிழ் இடத்துக்குள் இடைவெளியே இல்லாமல் அமர்ந்துவிடும். இரண்டு குமிழ்களுக்கு நடுவே உள்ள சந்தும் கம்பியின் தடிமனும் ஒன்று. உட்குழிவான குமிழின் துளைக்குள்ளும் அதே கம்பி போகும். மேல் கீழ் என்ற ஒரே திசையில் அடுக்க மட்டும் உருவானதுபோல் தோன்றும் ஒரு முறைக்குள், பக்கவாட்டில் திரும்பிக் கட்டும் வாய்ப்பும் அடங்கியிருந்தது. அந்த வாய்ப்பை எல்லோர் கைக்கும் கொண்டுவந்த துண்டுகளில் முன்னோடி ஹெட்லைட் கட்டை.

துண்டின் உடற்கூறு

1980ஐ ஒட்டிப் புழக்கத்துக்கு வந்த இந்தத் துண்டை வடிவமைத்தவர் லெகோ வடிவமைப்பாளர் எர்லிங் டிடெரிக்சன். ரசிகர்களில் பலர் இன்றும் அவர் பெயராலேயே இதை எர்லிங் கட்டை என்கிறார்கள். ரசிகர்களும் விற்பனையாளர்களும் இதைத் தேடும் எண் 4070. முதல் நோக்கம் எளிமையானது. சிறிய காரின் முகப்பில் ஒளிபுகும் வட்டத் துண்டை மாட்டி விளக்காகக் காட்ட வேண்டும். அதற்கு, வழக்கமாக மேலே மட்டும் இருக்கும் குமிழ் ஒன்று பக்கவாட்டிலும் தேவைப்பட்டது.

மேலிருந்து பார்த்தால் இது ஒற்றைக் குமிழ் கொண்ட சாதாரணக் கட்டைதான். முன்பக்கத்தில்தான் வேறுபாடு தொடங்குகிறது. அங்கே சுவர் 1.6 மி.மீ. உள்ளடங்கியிருக்கிறது, அந்தப் பள்ளத்தில் ஒரு குமிழ் வெளிநோக்கி நிற்கிறது. சுவரின் அடிவிளிம்பு மட்டும் உள்ளடங்காமல் 1.6 மி.மீ. உயரத்துக்கு ஒரு சிறு திண்ணைபோல் முன்னே நீள்கிறது. பின்பக்கத்தில் சதுரத் துளை. அதன் பக்கம் 4.8 மி.மீ.; குமிழின் விட்டமும் அதுவே என்பதால் அந்தத் துளைக்குள் இன்னொரு கட்டையின் குமிழ் இறுக்கமாகப் போய் அமரும். முன்பக்கக் குமிழ் உட்குழிவானது. அதில் கம்பியைச் செருகலாம்.

ஆக, இந்த ஒரே துண்டில் நான்கு இணைப்பு வழிகள் உள்ளன. மேலே குமிழ், கீழே குழிவு, முன்னே குமிழ், பின்னே துளை. முன்குமிழின் உட்குழிவைக் கம்பிக்கான வழியாகச் சேர்த்தால் ஐந்து. ஒரு விளக்கை மாட்ட இவ்வளவும் தேவையில்லை. தேவைக்கு மேல் இருந்த இந்த இணைப்புகளே அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கான வேலைகளை ரசிகர்களுக்குத் தந்தன.

உள்ளடங்கிய 1.6 மி.மீ.தான் இதன் உயிர்நாடி. கட்டையின் ஆழம் 8 மி.மீ. அதில் 1.6 போனால் மீதி 6.4. இது சரியாக இரண்டு பிளேட்டின் தடிமன். அந்த முன்குமிழில் ஒரு பிளேட்டை மாட்டினால் மொத்தம் மூன்று பிளேட், அதாவது 9.6 மி.மீ., ஒரு கட்டையின் முழு உயரம். சாதாரணக் கட்டையைப் பக்கவாட்டில் திருப்பினால் அதன் 8 மி.மீ. இரண்டரை பிளேட்டாக இழுக்கும், எதனோடும் சமன்படாது. ஹெட்லைட் கட்டையோ அந்த அரை பிளேட் சிக்கலைத் தனக்குள்ளேயே தீர்த்துவைத்திருக்கிறது. நிமிர்ந்த கட்டுமானத்தையும் படுத்த கட்டுமானத்தையும் ஒரே கணக்குக்குள் கொண்டுவரும் மொழிபெயர்ப்பாளர் வேலையை இது செய்கிறது.

நிலை மாற, வேலை மாறும்

இந்தத் துண்டின் பயன்பாடுகளை வகைப்படுத்த எளிய வழி, அது எந்த நிலையில் வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது.

முதல் நிலை, நேராக நின்று முன்குமிழ் வெளியே பார்ப்பது. கார் விளக்கு இந்த வகை. ஆனால் இதே நிலையில் குமிழில் ஒரு டைலை, அதாவது மேலே குமிழ் இல்லாத தட்டையான பிளேட்டை, மாட்டினால் அது சுவர் அலங்காரமாகிறது. டைல் 8 மி.மீ. சதுரம், கட்டை 9.6 உயரம். டைலின் மேல்விளிம்பு கட்டையின் மேல்விளிம்போடு சமமாக நிற்க, கீழே 1.6 மி.மீ. திண்ணை வெளியே தெரியும். இப்படி வரிசை வரிசையாக அடுக்கினால், ஒவ்வொரு டைல் வரிசைக்கும் நடுவே ஒரே சீரான மெல்லிய கோடு ஓடும். கட்டை ஒரு நிறம், டைல் வேறு நிறம் என்றால் அந்தக் கோடு செங்கல் சுவரின் சாந்துப் பூச்சுப் பட்டையாகத் தெரியும். உற்பத்தியாளர் செங்கல் சுவருக்காகச் செய்யாத ஒரு துண்டிலிருந்து, அதன் இரண்டு அளவுகளின் வித்தியாசத்தால் மட்டுமே இது கிடைக்கிறது.

ஆழத்தையும் இதே நிலையில் கையாளலாம். பக்கத்தில் குமிழ் உள்ள வேறொரு ஒற்றைக் கட்டையும் உண்டு. அதில் குமிழ் சுவரின் மேற்பரப்பிலிருந்தே தொடங்குவதால், மாட்டிய டைல் 3.2 மி.மீ. முழுதும் துருத்தி நிற்கும். ஹெட்லைட் கட்டையில் மாட்டிய டைல் 1.6 மி.மீ. மட்டுமே வெளியே வரும். இரண்டையும் ஒரே சுவரில் கலந்தால் சுவர், அதற்குச் சற்று முன்னே ஒரு தளம், அதற்கும் முன்னே ஒரு தளம் என மூன்று அடுக்குகள் கிடைக்கும். ஐரோப்பிய நகரங்களின் பழைய கட்டட முகப்புகளை மாதிரியாகக் கட்டும் ரசிகர்களுக்கு இந்த மூன்று அடுக்குகள் பெரிய கொடை. தூண், ஜன்னல் சட்டம், வெறுஞ்சுவர் என்ற வேறுபாட்டை விளக்குவது வெளிச்சத்தில் அவை வீசும் சின்னஞ்சிறு நிழல்களே. அந்த நிழலை உண்டாக்க 1.6 மி.மீ. போதும்.

இரண்டாம் நிலை, திரும்பி நிற்பது. முதுகைக் காட்டினால் சதுரத் துளை வெளியே தெரியும். 8 மி.மீ. அகலச் சுவரில் 4.8 மி.மீ. சதுரம், இருபுறமும் 1.6 மி.மீ. சுவர் மீதி. கண்ணுக்கு இது ஒரு ஜன்னல். அடுத்தடுத்து வைத்தால் ஜன்னல்களுக்கு நடுவே 3.2 மி.மீ. சுவர் சீராக வரும். ஒரு மாடி உயரத்தை மூன்று மீட்டர் என்று கொண்டால், 9.6 மி.மீ. கட்டை ஒரு மாடியாக நிற்பது ஏறக்குறைய 1:300 என்ற அளவுவிகிதம். பத்து மாடிக் கட்டடம் 96 மி.மீ. உயரத்தில் கைக்குள் அடங்கும். உள்ளங்கையளவில் கோட்டைகளையும் நகரங்களையும் கட்டுபவர்கள் இந்தத் துண்டை விடாமல் தேடுவதன் காரணம் இதுதான். அவ்வளவு சிறிய அளவில் தனியாக ஒரு ஜன்னல் துண்டு செய்ய இயலாது. செய்தாலும் அதற்குச் சட்டம் தேவைப்படும். இங்கே சுவரும் ஜன்னலும் ஒரே துண்டு.

மூன்றாம் நிலை, மல்லாந்து படுப்பது. பின்துளையைக் கீழே ஒரு குமிழில் பொருத்திவிட்டால், முன்குமிழ் வானத்தைப் பார்க்கும், மேல்குமிழ் பக்கவாட்டில் நீளும். இந்த நிலையில் அதன் தளம் இரண்டு பிளேட் உயரத்தில் அமைகிறது. அதனால் சுற்றிலும் உள்ள சாதாரணக் கட்டுமானத்தோடு ஒட்டிப்போகிறது. அதே நேரத்தில் கட்டையின் நீளம் இப்போது 9.6 மி.மீ. என்பதால், அது குமிழ்களின் கட்டத்தைத் தாண்டி ஒரு பக்கம் 1.6 மி.மீ. நீண்டிருக்கும். பொதுவாக லெகோவில் எதையும் அரைக் குமிழாவது நகர்த்தலாமே தவிர அதைவிட நுட்பமாக நகர்த்துவது கடினம். இங்கே அரை பிளேட் அளவு நகர்வு இலவசமாக வருகிறது. பெயர்ப் பலகையின் எழுத்துகள், மனித முகத்தின் மூக்கு, கப்பலின் முகப்பு வளைவு போன்ற இடங்களில் அந்த நகர்வே உயிர்.

நான்காவதாக, முன்குமிழின் உட்குழிவில் கம்பியைச் செருகும் முறை. பூத்தண்டு, கொடிக்கம்பம், குழாய், ஆன்டெனா எதுவும் சுவரிலிருந்து நேராகக் கிடைமட்டமாக வெளிவரலாம். சிறு இயந்திர மனிதர்களைச் செய்பவர்கள் இந்தத் துண்டையே தலையாக வைத்து, முன்குமிழை ஒற்றைக் கண்ணாக்குவார்கள். அறைக்கலன் செய்பவர்கள் மேசையின் அடியில் இதை வரிசையாக வைத்து, குமிழை இழுப்பறையின் கைப்பிடியாக்குவார்கள். இங்கே எதுவும் மாட்டப்படவே இல்லை. துண்டு தானாகவே உருவமாகிறது.

குமிழ் மேலே நோக்காத இத்தகைய கட்டுமானம் முழுவதற்கும் ரசிகர்கள் ஸ்னாட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இன்று அதற்கெனவே பல துண்டுகள் வந்துவிட்டன. இருந்தும், மிகச் சிறிய இடத்தில், அரை பிளேட் துல்லியத்தில் திசை மாற வேண்டும் என்றால் கை நீளுவது பெரும்பாலும் ஹெட்லைட் கட்டையை நோக்கித்தான்.

உருவம் உள்ள துண்டுகளின் கதை வேறு

ஹெட்லைட் கட்டைக்குத் தனி உருவம் கிடையாது; எந்த வேடமும் அதற்குப் பொருந்தும். தவளை, வாழைப்பழம், வாள், உருளைச் சக்கரக் காலணி போன்ற துண்டுகளின் நிலை அப்படியில்லை. பார்த்தவுடன் இன்னது என்று தெரிகிற உருவம் அவற்றுக்கு உண்டு. அந்த உருவத்தைப் பார்ப்பவர் மனத்திலிருந்து அழித்தால்தான் புதிய வேலை தர முடியும்.

இந்த வகைத் துண்டுகள் பெருகியதற்குக் காரணம் 1978இல் யென்ஸ் நூகோர்ட் நுட்சன் வடிவமைத்த பொம்மை மனிதன். அவன் கைக்கு ஏற்ற கோப்பை, திருகுச் சாவி, ஒலிபெருக்கி, வாள் என்று ஆண்டுதோறும் சிறு பொருள்கள் வந்தன. அவன் கை பிடிப்பது 3.2 மி.மீ. கம்பி என்பதால் அந்தப் பொருள்களின் பிடியும் அதே தடிமன். அதனால் பிடியுள்ள எந்தப் பொருளும், கம்பியைக் கவ்வும் எந்த இடுக்கியிலும், உட்குழிவான எந்தக் குமிழிலும் பொருந்திவிடும். பொம்மைக்கான விளையாட்டுச் சாமான் என்று நினைத்தவை எல்லாம் கட்டுமான உறுப்புகளாகவும் ஆயின. ஒலிபெருக்கியை விண்கலத்தில் பீரங்கியாக வைக்க முடிந்ததன் அடிப்படை இந்த ஒரே அளவுதான். கற்பனை பிறகுதான் வந்தது.

உருவத்தை அழிக்கும் வழிகளில் வலுவானவை இரண்டு. ஒன்று நிறம், மற்றொன்று பெருக்கம். 2021இல் வெளியான லெகோ போன்சாய் மரத்தில் இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன. 878 துண்டுகள் கொண்ட அந்தத் தொகுப்பில் செர்ரிப் பூக்கள் உண்டு. அவற்றில் இளஞ்சிவப்புத் தவளைகள் நூறு. பச்சைத் தவளையாக இருந்தால் யாரும் தவளை என்றே சொல்வார்கள். இளஞ்சிவப்பில், கிளை முழுவதும் கொத்தாக வரும்போது, மடங்கிய கால்களும் குறுகிய உடலும் இதழ்களின் ஒழுங்கற்ற விளிம்பாகத் தெரிகின்றன. கிட்டே போய்ப் பார்ப்பவருக்குத் தவளை தெரியும். இரண்டடி பின்னே வந்தால் பூ தெரியும். ரசிகர்கள் நெடுங்காலமாகக் கையாண்டுவந்த ஒரு முறையை நிறுவனமே தன் தொகுப்பில் ஏற்றுக்கொண்டதன் தெளிவான அடையாளம் அது.

இதில் பொருளாதாரமும் கலந்திருக்கிறது. புதிய துண்டுக்குப் புதிய எஃகு அச்சு வேண்டும். அதற்குச் செலவு அதிகம். இருக்கும் அச்சில் வேறு நிறம் ஊற்றுவது மலிவு. 1990களின் பிற்பாதியில் நிறுவனம் ஒரே ஒரு பயன்பாட்டுக்கு மட்டும் பொருந்தும் பெரிய துண்டுகளைத் தாராளமாக உருவாக்கியது. தயாரிப்பில் இருந்த உறுப்புகளின் எண்ணிக்கை சில ஆண்டுகளில் இரு மடங்குக்கும் மேலாயிற்று. 2003, 2004ஆம் ஆண்டுகளில் பெரும் நட்டத்தில் சிக்கியபோது, புதிய தலைமை நிர்வாகியாக வந்த யோர்கன் விக் நுட்ஸ்டார்ப் எடுத்த முக்கிய முடிவுகளில் ஒன்று அந்த எண்ணிக்கையை ஏறத்தாழ பாதியாக வெட்டியது. துண்டுகள் குறைந்ததால் விளையாட்டு வறண்டுபோகவில்லை. குறைந்த துண்டுகளிலிருந்து அதிக வேலை வாங்கத் தெரிந்த ரசிகர்கள், நிறுவனத்துக்கே வழிகாட்டிகளாகவும் பின்னர் சிலர் அதன் வடிவமைப்பாளர்களாகவும் ஆனார்கள். ரசிகராக இருந்து 2006இல் நிறுவனத்தில் சேர்ந்த ஜேமி பெரார்ட் 2007இல் வடிவமைத்த கஃபே கார்னர், வளர்ந்தவர்களுக்கான தெருக்கட்டட வரிசை ஒன்றையே தொடங்கிவைத்தது.

தேடலை முறைப்படுத்தியவர்கள்

ஒரு துண்டுக்குப் புதிய பயன் கண்டுபிடிப்பதை ரசிகர்கள் தற்செயலுக்கு விட்டுவிடவில்லை. அதற்கான கருவிகளைத் தாங்களே உருவாக்கினார்கள். ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஜெஸ்மன் 1995இல் எழுதிய எல்-டிரா என்ற மென்பொருள், துண்டுகளைக் கணினித் திரையில் பொருத்திப் பார்க்க வழி செய்தது. அவர் 1997இல் இளம்வயதிலேயே மறைந்தார்; அவர் தொடங்கிய துண்டு நூலகத்தை உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் இன்றும் வளர்த்து வருகிறார்கள். அதில் ஓர் அலகு 0.4 மி.மீ. கட்டையின் அகலம் 20 அலகு, உயரம் 24, பிளேட் 8. ஹெட்லைட் கட்டையின் பள்ளம் சரியாக 4. தசமப் புள்ளிகள் மறைந்து முழு எண்கள் வந்ததும், எந்தத் துண்டு எங்கே பொருந்தும் என்பது மனக்கணக்காகிவிட்டது.

அடுத்த தடை கையிருப்பு. பெட்டியாக வாங்கினால் விரும்பிய துண்டு ஒன்றோ இரண்டோதான் வரும். டான் ஜெசெக் 2000இல் தொடங்கிய பிரிக்லிங்க் என்ற சந்தை, ஒரே துண்டை ஒரே நிறத்தில் நூற்றுக்கணக்கில் வாங்கும் வழியைத் திறந்தது. 2019இல் லெகோ நிறுவனமே அதை வாங்கியது. ஒரு துண்டை இருநூறு முறை பயன்படுத்திச் சுவரெழுப்ப முடியும் என்ற நிலை வந்த பிறகே, முன்னே சொன்ன டைல் சுவர்களும் ஜன்னல் வரிசைகளும் சாதாரண ரசிகருக்கு எட்டின.

மூன்றாவது, போட்டி. இருவர் எதிரெதிரே நின்று, குறிப்பிட்ட கால அளவுக்குள், தரப்பட்ட ஒரே துண்டை மையமாக வைத்து மாதிரிகளைக் கட்டும் போட்டிகள் இந்தச் சமூகத்தில் பிரபலம். அந்தத் துண்டை விதைத் துண்டு என்பார்கள். பெரும்பாலும் யாரும் விரும்பாத, கோணலான, விசித்திரமான துண்டுகளே விதையாகத் தேர்ந்தெடுக்கப்படும். அதை ஒளித்துவைத்தால் மதிப்பெண் இல்லை. அது இல்லாவிட்டால் மாதிரியே சரிந்துவிடும் என்னும்படி அமைய வேண்டும். முதல் மாதிரியில் எல்லோருக்கும் தோன்றும் பயன்தான் வரும். மூன்றாவது, நான்காவது மாதிரிக்குப் போகும்போது எளிய எண்ணங்கள் தீர்ந்துபோய், துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் கட்டாயம் வருகிறது. புதியவை பிறப்பது அந்தக் கட்டத்தில்தான். கட்டுப்பாடு இங்கே தடையாக நிற்காமல், தேடலை ஆழத்துக்குத் தள்ளும் விசையாகிறது.

எதைச் செய்யக்கூடாது

இவ்வளவு சுதந்திரத்துக்கும் எல்லைகள் உண்டு. துண்டை வெட்டக்கூடாது, உருக்கக்கூடாது, பசை போட்டு ஒட்டக்கூடாது என்பது ரசிகர்களில் பெரும்பாலோர் தாங்களே ஏற்றுக்கொண்ட ஒழுக்கம். அறுத்து ஒட்டினால் எதையும் எதுவாகவும் ஆக்கலாம். அதில் கண்டுபிடிப்பு எதுவும் மிஞ்சாது.

நுட்பமான மற்றோர் எல்லையும் உண்டு. சில இணைப்புகள் பொருந்தும். ஆனால் பிளாஸ்டிக்குக்கு வலிக்கும். பெரார்ட் 2006இல் ரசிகர் மாநாடு ஒன்றில் ஆற்றிய விளக்கவுரை இதைப் பற்றியதுதான். ஓர் உதாரணம்: இரண்டு குமிழ்களுக்கு நடுவே உள்ள சந்து 3.2, பிளேட்டின் தடிமனும் 3.2. காகிதத்தில் இரண்டும் சமம் என்பதால் பிளேட்டைச் செங்குத்தாக அந்தச் சந்தில் செருகலாம் என்று தோன்றும். நடைமுறையில் அது இறுகிப் பிடித்துக் குமிழ்களை விலக்குகிறது. அந்த அழுத்தத்திலேயே மாதக்கணக்கில் இருந்தால் ஏபிஎஸ் தளரும் அல்லது விரிசல் விடும். அதனால் அதிகாரபூர்வத் தொகுப்புகளில் வடிவமைப்பாளர்கள் அதைத் தவிர்க்கிறார்கள். எண்கள் ஒத்துப்போவது முதல் சோதனை மட்டுமே. பொருளின் குணம் ஒத்துப்போகிறதா என்பது இரண்டாவது சோதனை. ஹெட்லைட் கட்டையின் பின்துளையும் முன்குமிழும் இரண்டு சோதனைகளிலும் தேறுகின்றன என்பதே அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம்.

எண்ணிக்கைக்கு அடங்காதது

எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் இரண்டை 24 விதமாக இணைக்கலாம். ஆறு கட்டைகளுக்கு நிறுவனம் நெடுங்காலம் சொல்லிவந்த எண் 10 கோடியே 29 லட்சத்துச் சொச்சம். அது ஆறு அடுக்கு உயரக் கோபுரங்களை மட்டும் கணக்கில் கொண்டது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் சோரன் ஐலர்ஸும் அவரது சகாக்களும் கணினியின் துணையோடு எல்லா வடிவங்களையும் எண்ணிக் காட்டிய சரியான விடை 91,51,03,765.

பிரமிக்க வைக்கும் இந்த எண்ணும் குமிழ்கள் எல்லாம் மேல்நோக்கியே இருக்கும் என்ற நிபந்தனைக்குள் வந்தது. ஹெட்லைட் கட்டை நுழைந்த கணத்தில் அந்த நிபந்தனை உடைகிறது. திசை ஆறாகிறது, நகர்வின் அலகு 8 மி.மீ.யிலிருந்து 1.6க்கு இறங்குகிறது. கணிதம் எண்ணுவது இணையக்கூடிய வடிவங்களை. அவற்றுள் எது ஜன்னலாகத் தெரியும், எது கண்ணாகத் தெரியும் என்பதைத் தேர்ந்தெடுக்க மனிதக் கண் வேண்டும். கோடிக்கணக்கான சாத்தியங்களில் பொருள் உள்ள சிலவற்றைப் பொறுக்கி எடுக்கும் அந்தக் கண்ணைத்தான் ரசிகர்கள் பயிற்றுவித்துக்கொள்கிறார்கள்.

இதிலிருந்து விளையாட்டுப் பொருள்களை மதிப்பிட ஓர் அளவுகோல் கிடைக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். பெட்டியின் அட்டைப்படத்தில் இருப்பதை அச்சு அசலாகக் கட்டிமுடித்தவுடன் தீர்ந்துபோகும் துண்டுகள் எத்தனை, அதற்கு அப்பாலும் வேலை செய்யும் துண்டுகள் எத்தனை என்று கேட்க வேண்டும். எத்தனை துண்டுகள் உள்ளே இருக்கின்றன என்ற கேள்வி அதற்கு அடுத்துத்தான். பொம்மை வாங்கும் பெற்றோருக்கும், வகுப்பறையில் கட்டைகளைப் பயன்படுத்தும் ஆசிரியருக்கும் இந்தக் கேள்வி உதவும். குழந்தையிடம் நூறு வகைத் துண்டுகளைக் கொட்டுவதை விட, ஒரே வகைத் துண்டில் இருபதைக் கொடுத்து, இதை வைத்து என்னென்ன செய்யலாம் என்று கேட்பது நல்ல பாடம். ஒரு பொருளை அதன் பெயரிலிருந்து பிரித்து, அதன் வடிவத்தையும் அளவையும் தனியே பார்க்கும் பழக்கம் அங்கே தொடங்குகிறது. பொறியியலுக்கும் சிற்பத்துக்கும் அதே பழக்கம்தான் முதற்படி.

கார் விளக்கை மாட்டுவதற்கு ஒரு வழி தேடிய டிடெரிக்சன் இத்தனை வேலைகளையும் முன்கூட்டியே கண்டிருக்க வேண்டிய அவசியமில்லை. அவர் செய்த பெரிய காரியம், தன் துண்டின் ஒவ்வோர் அளவையும் முழு முறையின் அளவோடு இணங்க வைத்தது. மீதியை முகம் தெரியாத ஆயிரக்கணக்கான ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். ஒரு நல்ல வடிவமைப்பு, அதை உருவாக்கியவர் அறிந்ததைவிட அதிகமானதைப் பிறர் அதிலிருந்து கற்றுக்கொள்ள இடம் தர வேண்டும். அந்தப் பெருந்தன்மை ஒரு கன சென்டிமீட்டருக்கும் குறைவான பிளாஸ்டிக்கில் சாத்தியமாகியிருக்கிறது. அதைக் கண்டுகொண்டு, வளர்த்து, பெயர் சூட்டிக் காத்துவரும் ரசிகர்களின் உழைப்பும் வடிவமைப்பு வரலாற்றில் இடம்பெற வேண்டிய அறிவே.